விடைத்தாளில் அரை இஞ்சு

என் தம்பியின் பெயரைச் சொல்லிக் கேட்டால் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. ‘அரை இஞ்சு’ கடை எது என்று கேட்டால் நாலு பேர் கைகாட்டுவார்கள். எங்கள் அப்பா வழியில் எல்லோரும் கத்தரிக்கோல் பிடித்தவர்கள்தான். அப்பா சட்டை, பெரிய சித்தப்பா கோட்டு, சின்னச் சித்தப்பா தலையணை உறை. அவருக்கு அதற்குமேல் வரவில்லை. துணி கூட இருந்தால் மடித்துத் தைக்கலாம், குறைந்தால் ஒட்டுத்தான் போட வேண்டும் என்பது மூன்று பேருக்கும் வேதவாக்கு. தம்பி அதற்கும் ஒருபடி மேலே. டேப் முப்பத்துநாலே கால் காட்டினால் முப்பத்தைந்து என்று எழுதுவான். வெட்டும்போது தையலுக்கு என்று இன்னும் அரை இஞ்சு விடுவான். அவன் தைத்ததைப் போட்டு மூச்சுத் திணறியவர் கிடையாது.

அவனுக்கு ஒரே மகள். அவளுக்கு நாலு வயதாகும்போது தாய் காமாலையில் போய்ச் சேர்ந்தாள். நானும் அப்போது தனிக்கட்டை. வந்து அடுப்பையும் பிள்ளையையும் பார்த்துக்கொண்டேன். கடையில் பட்டன் தைத்து, பட்டன் துளைக்குக் காஜா எடுத்தேன். பிள்ளை வெட்டுமேசைக்குக் கீழே விளையாடி, மேசைமேல் உட்கார்ந்து படித்து வளர்ந்தாள்.

வேதியியல் என்றால் அவளுக்கு உயிர். எதோடு எது சேர்ந்தால் என்ன நிறம், என்ன வாடை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள். ஃபார்மசி படித்து, மருந்துக் கடையில் வெள்ளைக் கோட்டுப் போட்டு நிற்க வேண்டும் என்று ஆசை. அந்தப் படிப்புக்கு வேதியியலில் நூற்றுக்கு அறுபது வேண்டும். அதில் முப்பது மதிப்பெண்ணுக்குக் கணக்காக வரும் என்றாள்.

“மருந்துக்கு எதுக்குடி கணக்கு?” என்று நான் கேட்டேன்.

“அளவு தெரியாமக் குடுத்தா ஆள் போயிடுவாங்க அத்தை.”

சாயங்காலமானால் மேசையில் நோட்டை விரித்துக் கணக்கை வாய்விட்டுப் படித்துக்கொண்டே போடுவாள். தம்பி ஐந்தாவதோடு நின்றவன். ஆனாலும் மகள் படிக்கிறாள் என்று மிஷினை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பான். ஒரு கணக்கு எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. எட்டுப் புள்ளி நாலு கிராம் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் எத்தனை கிராம் வாயு வரும்?

“சைபர் புள்ளி சைபர் எட்டு நாலு மோல் வருதுப்பா.”

“அதென்ன வெட்டுத்துணி மாதிரி வாலு? ஒம்போதுன்னு வெச்சுக்க அம்மாடி. கூட இருந்தா பாதகமில்ல.”

அவளும் சிரித்துக்கொண்டே ஒன்பதாக்கினாள். அதை நாற்பத்துநாலால் பெருக்கினால் மூன்றே முக்காலுக்கு மேல் ஏதோ வந்தது. அதை நாலாக்கினாள். வெட்டும் மேசையில் பழகிய கை அது, வரிக்கு வரி கொஞ்சம் விட்டுக்கொண்டே போனது. பள்ளியில் வைத்த தேர்வுகளில் இது வெளியே தெரியவில்லை. அவளுடைய சார் நல்ல மனுஷர். பிள்ளைகள் திணறக் கூடாதென்று எல்லாம் முழு எண்ணாக வரும்படியே கேள்வி கொடுப்பார்.

பொதுத்தேர்வில் அப்படி யார் கொடுப்பார்கள்? ஐம்பத்துநாலு வந்தது.

விடைத்தாள் நகலை வாங்கிக்கொண்டு மூன்று பேருமாக சாரிடம் போனோம். அவர் கண்ணாடியை ஏற்றி ஏற்றிப் பார்த்தார்.

“வழி எல்லாம் சரி. சமன்பாடு சரி. விடை மட்டும் ஒவ்வொண்ணும் கூட. மூணு புள்ளி ஏழு வர வேண்டியது நாலுன்னு நிக்குது. நடுவுல எங்கேயும் ஏத்தக் கூடாதும்மா, கடைசியிலதான் சுருக்கணும். வரிக்கு வரி ஏத்த யார் சொல்லிக் குடுத்தது?”

தம்பி வாயைத் திறந்தான். அதற்குள் அவள், “நானாத்தான் சார்” என்றாள்.

வீடு வந்து சேரும்வரை தம்பி எங்களுக்குப் பத்தடி பின்னாலேயே நடந்து வந்தான்.

மறுவருஷம் மறுபடி எழுதினாள். இந்த முறை புள்ளிக்குப் பின்னால் ஆறு எண் வந்தால் ஆறையும் வைத்துக்கொண்டு பெருக்கினாள். கணக்கெல்லாம் சரி. ஆனால் நேரம் போய்விட்டது. தூக்கத்தில் சொல்லக்கூடிய இரண்டு பெரிய கேள்விகளைத் தொடக்கூட இல்லை. ஐம்பத்தொன்று.

அந்த மாதத்திலிருந்து தம்பி துணி வெட்டுகிற விதம் மாறியது. டேப் என்ன சொல்கிறதோ அதுதான். நூலளவு கூட விடுவதில்லை. தையலுக்குப் பிடித்தது போக எல்லாம் இறுக்கமாக வந்தது. ஆட்கள் திரும்பி வர ஆரம்பித்தார்கள்.

“ஏன்யா அரை இஞ்சு, மிச்சம் பிடிச்ச துணியில உனக்குச் சட்டை தைச்சுக்கிட்டியா? தும்மினா முதுகு பிரியுதுய்யா!” என்று இறைச்சிக் கடைக்காரர் கத்தினார்.

“அளவு அதானே” என்றான் தம்பி.

நான் திட்டிப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். மகள்தான் ஒருநாள் அவன் கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்கினாள்.

“விட வேண்டியதை விட்டு வெட்டுங்கப்பா.”

“விட்டதுனாலதானே உன் படிப்பு போச்சு.”

“துணிக்கு விடுறது தப்பில்லப்பா.”

“சார் கேட்டப்ப ஏன் நானாத்தான்னு சொன்னே?”

அவள் சாக்குக்கட்டியை எடுத்துத் துணியில் கோடு போட ஆரம்பித்தாள். கோடு முடிந்ததும், “உங்களை அவர் முன்னாடி நிறுத்த மனசு வரலப்பா” என்றாள். நான் காஜா எடுப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

“இன்னொரு தரம் எழுது அம்மாடி. நான் பக்கத்துலயே வர மாட்டேன்.”

“போதும்ப்பா. கணக்கைப் பார்த்தா ஏத்துறதா விடுறதான்னே புரியல” என்றாள்.

தம்பி அதற்குப் பிறகு கத்தரிக்கோலை எடுக்கத் தயங்கினான். பெரிய வெட்டெல்லாம் அவள் பார்த்தாள், அவன் மிஷின் மிதித்தான். போன ஆட்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். மகள் வெட்டு அப்பன் வெட்டைவிட நேர்த்தி என்று இறைச்சிக் கடைக்காரரே சொன்னார். ஊர் மெச்சியது. வந்த வரன்களை இப்போது வேண்டாம், அப்புறம் என்று தள்ளிக்கொண்டே இருந்தாள். இப்போது அவளுக்கு முப்பத்தொன்பது. காதோரம் நரை.

பக்கத்துத் தெருவில் ஃபார்மசிக் கல்லூரி ஒன்று திறந்தார்கள். வருஷ ஆரம்பத்தில் பெண்கள் கூட்டமாக வந்து வெள்ளைக் கோட்டுக்கு அளவு கொடுக்கிறார்கள். மகள் அவர்களைக் கையைத் தூக்கச் சொல்லி, தோளிலிருந்து மணிக்கட்டுவரை டேப் பிடித்து, அவர்கள் சொல்லுகிற கதைக்கெல்லாம் சிரித்துக்கொண்டே அளந்து எழுதுகிறாள்.

அந்த நாட்களில் தம்பி மிஷினைவிட்டு எழுந்து, “நூல் வாங்கிட்டு வரேன்” என்று செருப்பை மாட்டுவான். இழுப்பறை நிறைய நூல் கிடக்கிறது. அவளுக்கும் தெரியும்.

“சரிப்பா, மெதுவா வாங்க” என்பாள்.

கடைசிப் பெண் போனபிறகுதான் வருவான்.