பயிற்சிக்குப் போன சனிக்கிழமைகள்

நான் பொய் சொன்னேன். அலுவலகப் பயிற்சி என்று வீட்டில் சொல்லிவிட்டு, மாதம் ஒரு சனிக்கிழமை ஜவ்வாது மலைக்குப் போய்த் தூங்கினேன். வேறொன்றுமில்லை... வெறும் தூக்கம்!

போளூரில் ஓர் அலுவலகத்தில் கணினியில் தட்டச்சு செய்கிறவள் நான். கணவருக்கு ஓசூரில் வேலை. விடுப்பு கிடைத்தால் வருவார். வீட்டில் பக்கவாதத்தில் விழுந்த மாமனார், ஏழாவது படிக்கும் மகள் ரம்யா. சமையல், அலுவலகம், மாமனாரைத் திருப்பிப் படுக்கவைப்பது, குழாய் வழியே சிறுநீர் சேரும் அவருடைய பையை மாற்றுவது, துணி, பாத்திரம், மறுபடி சமையல்... ஒருநாள் பேருந்துக்காக நின்றபடியே உறங்கி, சாலையில் சரிந்தேன்.

பிறகு மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூரில் உண்மையாகவே ஒரு பயிற்சி நடந்தது. மதியமே முடிந்துவிட்டது. சாமை வாங்கப் போன வீட்டில், சின்னப்பாப்பா என்கிற அந்த அம்மாள் அளந்து போடுவதற்குள் சுவரில் சாய்ந்து தூங்கிப்போனேன். அவள் என்னை எழுப்பவில்லை. பாய் விரித்துப் படுக்கவைத்திருக்கிறாள். கண் விழித்தபோது என் உடம்பு எனக்கே திரும்பக் கிடைத்தது போலிருந்தது.

அதன்பின் பயிற்சிகளை நானே உண்டாக்கினேன்.

"இன்னா பொம்பள நீ! தூங்கறதுக்குன்னு பஸ் ஏறி வர்ற?" என்று சின்னப்பாப்பா சிரிப்பாள். நான் கைப்பேசியை அணைத்துவிட்டுப் படுப்பேன்.

திரும்பி வந்த பிறகு யார்மீதும் எரிந்து விழமாட்டேன். ரம்யாவுக்குத் தலை பின்னிவிடுவேன், அவள் பள்ளிக் கதைகளைக் கேட்பேன். வாழ்க்கை நேராகிவிட்டது என்று நம்பினேன். எப்படி நேரானது? அந்தப் பகல் முழுவதும் மாமனாரை யார் பார்த்துக்கொண்டார்கள்? என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை...

கடந்த சித்திரையில் ஒரு சனிக்கிழமை, பொழுது சாயும் நேரத்தில் வீடு திரும்பினேன். மாமனார் கஞ்சி குடித்து, துடைத்த முகத்தோடு படுத்திருந்தார். ரம்யா பின்கட்டில் தனியே உட்கார்ந்திருந்தாள். காலையில் உடுத்தியிருந்த பாவாடை கொடியில் ஈரமாகத் தொங்கியது.

"இன்னாடி ஆச்சு?"

முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். பெரியவளாகிவிட்டாள் என்று புரிந்தது.

"எப்போ?"

"நீ போன கொஞ்ச நேரத்துலயே."

"பக்கத்து வூட்டு அக்காவக் கூப்ட்டிருக்கலாம்ல?"

"அவங்க வந்தா என்னத் தனியா உக்கார வெச்சிடுவாங்க. அப்புறம் தாத்தாவ யாரும்மா பாக்கறது? உனுக்குப் போன் போட்டேன்... டிரெய்னிங்ல ஆஃப் பண்ணியிருப்பன்னு வுட்டுட்டேன்."

வயிற்று வலியோடு, பயத்தோடு, அந்தக் குழந்தை சிறுநீர்ப் பையை மாற்றியிருக்கிறாள். நான் அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும்.

அவளைக் கட்டிக்கொண்டேன். உண்மையைச் சொன்னேனா? இல்லை. "டிரெய்னிங் லேட்டாயிடுச்சுடி" என்றேன். அந்த நேரத்திலும்!

மஞ்சள் நீராட்டு விழாவில் உறவுப் பெண்கள், "அம்மா மாதிரியே பொறுப்பு" என்று அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்கள். கணவர் என்னைப் பெருமையோடு பார்த்தார். தட்டுகளை எடுத்துவைக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

சில மாதங்கள் மலைப்பக்கம் போகவில்லை. மறுபடியும் எல்லார்மீதும் எரிந்து விழத் தொடங்கினேன். ஒருநாள் மாமனார் தட்டிவிட்ட கஞ்சிக்காக அவர் கையில் அடித்துவிட்டேன்... ஆம், அடித்தேன்! பேச முடியாத அந்த மனிதர் என்னையே பார்த்தார். கதவருகே நின்ற ரம்யாவும் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இந்த மாசம் டிரெய்னிங் இல்லியாம்மா? போய்ட்டு வா. நான் பாத்துக்கறேன்."

அவளுக்குத் தெரிந்திருக்கிறதா? கேட்கும் துணிவு எனக்கு இல்லை...

என்னால் முடியவில்லை என்று கணவரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையைவிடப் பொய் எனக்குச் சுலபமாக இருந்தது. சனிக்கிழமை காலை மலைக்குப் போகும் பேருந்தில் ஏறினேன். சின்னப்பாப்பா பாயை விரித்தாள்.

இம்முறை கைப்பேசியை அணைக்கவில்லை, தலைமாட்டில் வைத்துக்கொண்டேன். அது ஒலிக்கவேயில்லை.

நான் நன்றாகத் தூங்கினேன்.