மூணாம் பாகத்தில் ஒரு மூஞ்சி

போன வாரம் செங்கல்பட்டு பைபாஸ்ல மழை பிடிச்சுக்கிச்சு. வண்டி டிக்கியில மாசக்கணக்கா மடிஞ்சு கிடந்த ரெயின்கோட்டை எடுத்து மாட்டினேன் பாருங்க, குப்புனு ஒரு ரப்பர் நாத்தம். அடடா, நம்ம வேற்றுக்கிரகப் பூதம்! நடுரோட்டுல நின்னு தனியாச் சிரிச்சேன். லாரிக்காரன் ஒரு தினுசாப் பார்த்துட்டுப் போனான்.

வாலிப வயசுல நான் ஒரு சினிமா கம்பெனியில எடுபிடி. வானத்துலேர்ந்து வர்ற பூதத்தை வச்சுப் பாகம் பாகமா எடுத்துத் தள்ளணும்னு எங்க முதலாளிக்கு வெறி. மாமல்லபுரம் பக்கத்துச் சவுக்குத்தோப்புதான் வேற்றுக்கிரகம். அங்க மேயுற ஆடுங்களை ஃபிரேமுக்குள்ள வராம விரட்டுறது என் உத்தியோகம்.

பூதமா நடிச்சது என் சிநேகிதன் ஏழுமலை. செங்கல்பட்டுக்காரன், சிங்கப்பெருமாள் கோயில்ல ஷேர் ஆட்டோ ஓட்டிக்கினு இருந்தான். நல்ல நெட்டை, ரப்பர் உடுப்பு அவனுக்குத்தான் சரியா இருந்துச்சு. முதல் பாகம் மத்த ஊர்ல ஈ ஓட்டிச்சு. செங்கல்பட்டுல மட்டும் ஹவுஸ்ஃபுல். ஏன்னா இடது காலை ஒரு இழுப்பு இழுத்து நடக்கிறவன் ஏழுமலை, பூதமும் அப்படியே நடந்துச்சு. "டேய், நம்ம ஏழுமலைடா!"னு ஒரே விசில். பூதம் செத்ததும் பொம்பளைங்க ஹீரோவை மண்ணை வாரித் தூத்தினாங்க. முதலாளி என்னத்தப் புரிஞ்சுக்கிட்டாரோ, ரெண்டாம் பாகத்துக்கு வெளியூர் பயில்வானைப் பூதமாப் போட்டார். நடை மாறினதும் ஜனம் பாதியிலயே டீ குடிக்க எழுந்து போயிடுச்சு. படம் படுத்துருச்சு.

நடுவுல ஏழுமலைக்குக் கல்யாணப் பேச்சு. பொண்ணு அணுபுரத்துச் செல்வி. பார்த்ததுலேர்ந்து இவனுக்குத் தலைகால் புரியல. அவங்கப்பாதான் முட்டுக்கட்டை. "நடிகருன்றீங்க, மூஞ்சியே காணமே? ஒரு படத்துல மூஞ்சியக் காட்டட்டும், அப்புறம் பேசலாம்."

முதலாளியைக் கெஞ்சிக் கூத்தாடி, மூணாம் பாகத்துல போலீஸ் வேஷம் வாங்கினான், மூஞ்சியோட! ஆனா ஜனத்துக்கு அந்த நடை வேணுமே? நான் குள்ளம், கட்டை வச்ச செருப்பை மாட்டி, உடுப்புக்குள்ள என்னைத் திணிச்சாங்க. "காலை இழுத்துப் போடு மச்சான், இன்னா இப்டி பந்திக்குப் போற மாரி நடக்குற?"னு ஏழுமலையே பாடம் எடுத்தான்.

முதல் நாள் ஊரே தியேட்டர்ல. செல்வியும் அவங்கப்பாவும் எங்களுக்கு முன் வரிசை. திரையில போலீஸ்காரனா ஏழுமலை வந்தான். எவனும் கண்டுக்கல. பின்னாடியே பூதமா நான் காலை இழுத்துக்கினு வந்தேன். கூரை பிச்சுக்கிச்சு. "ஏழுமலை, கடிடா! வுடாத!" நான் ஏழுமலையைக் கடிச்சேன். சொந்த ஊரே கைதட்டுச்சு. அவங்கப்பாவும் விசிலடிச்சார். பக்கத்து சீட்டுல ஏழுமலை தலையில கைவச்சு உக்காந்துட்டான்.

செல்வி எழுந்து நின்னுட்டா. "யோவ், வுடுய்யா அவர! அந்தப் போலீஸுதான்யா ஏழுமலை! நான் கட்டிக்கப்போற ஆளுய்யா!"

தியேட்டரே அவ பக்கம் திரும்புச்சு. அவங்கப்பா மெதுவா, "எவரு?"ன்னார். அப்புறம் ஆபரேட்டர் ரூமைப் பார்த்துக் கத்தினார்: "ஒன்ஸ் மோர்!" திரும்பவும் நான் கடிச்சேன். திரும்பவும் செல்வி அலறினா. "மூக்கு நல்லாத்தான் கீது"ன்னார் அவர்.

இப்போ அந்தத் தியேட்டர் இல்ல, கட்டில் பீரோ கடை. கம்பெனியும் இல்ல. படத்தோட பிரதி ஒண்ணுகூட எங்கயும் கிடையாது. ஏழுமலையோட பசங்க போன்ல தேடிப் பார்த்துட்டு, "கப்சா வுடாதப்பா"ங்குதுங்க. சாட்சிக்கு நான் வாயைத் திறந்தா இன்னும் சிரிக்குதுங்க. செல்விதான் தோசையைத் திருப்பிக்கினே சொல்லும்: "யாரும் பார்க்க வேணாம். நான் பார்த்தேன்ல."