டாக்டர் போனிடம் மட்டும் மெதுவாகப் பேசுகிறார்

இராஜபாளையத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில், டாக்டர் சொல்லச் சொல்ல நோயாளியின் குறிப்பை எழுதுவது என் வேலை.

இன்று என் வேலைக்குப் போட்டியாக ஒரு போன் வந்துவிட்டது. பேச்சைக் கேட்டு அதுவே எழுதிவிடுமாம்.

என்னிடம் செங்கோட்டை ரயிலைப் பிடிக்க ஓடுகிறவரைப் போலச் சொல்லும் டாக்டர், அதனிடம் நிறுத்தி நிறுத்திப் பேசினார். எனக்கு வயிறு எரிந்தது.

காலில் மண்வெட்டி பட்டு, சேத்தூரிலிருந்து ஓர் அக்கா கணவரோடு வந்தார்.

"எந்த மருந்தாவது ஒத்துக்காம போயிருக்கா?" என்று டாக்டர் கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்" என்று முந்திக்கொண்டார் கணவர். 'அலர்ஜி இல்லை' என்று போன் எழுதிக்கொண்டது.

கணவரின் முதுகுக்குப் பின்னால் அந்த அக்கா என்னைப் பார்த்து, கழுத்தைச் சொறிவதுபோல் காட்டினார்.

"சார், அக்காகிட்டயே கேளுங்க" என்றேன்.

"பல்லு வலிக்குப் போட்ட ஊசியில உடம்பெல்லாம் தடிச்சுப் போச்சு சார். இவிய அப்ப ஊர்ல இல்ல" என்றார் அக்கா.

டாக்டர் அதை அப்படியே போனிடம் சொன்னார். மெதுவாகத்தான். பிறகு என் பக்கம் திரும்பி, "நல்லா எழுதுதுல்ல?" என்றார்.

"ஆமா சார்" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் அதற்குச் சார்ஜ் இறங்கிவிட்டது. அதையும் நான்தான் போட்டேன். நீங்களாக இருந்தால் போட்டிருப்பீர்களா?