இடப்பக்கம் முறுக்கிய கம்பி

பூட்டிய பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்க்கிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இவள் ஏழு முறை இழுப்பாள். படியிறங்கித் தெருமுனை வரை போய், திரும்பி வந்து எட்டாவது முறையும் இழுப்பாள். அடுப்பை அணைத்தோமா, குழாயை மூடினோமா, இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பிடுங்கினோமா என்று அவளுடைய நாளில் பாதி இதற்கே போய்விடும். அவள் கணவர் பஸ் ஓட்டுகிறவர், கல்யாணமான நாளிலிருந்து மாமனார் வீட்டிலேயே இருக்கிற நல்ல பொறுமைசாலி. அவரே ஒருநாள், “பூட்டு உன்னைக் கண்டாலே நடுங்குது, பாவம் விட்டுடு அதை” என்றார். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். எதற்காக இழுக்கிறாள் என்று அவரிடம்கூடச் சொன்னதில்லை.

காரணத்தை நான் சொல்லிவிடுகிறேன், ஒளித்து வைத்து என்ன ஆகப்போகிறது? பதினேழு வயதில் தன் அண்ணனைத் தானே கொன்றுவிட்டதாக அவள் நம்பிக்கொண்டிருந்தாள். இப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்பா ஒரு மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருந்தார். வீட்டின் முன்பாதி பட்டறை, பின்பாதி குடித்தனம். சமையலறைப் பாத்திரத்திலும் கிரீஸ் வாடை வரும். அண்ணனும் தங்கையும் வாங்கு வாங்கென்று வாங்கிக் கட்டிக்கொண்டே வேலை கற்றார்கள். இவளுக்கு இடதுகைப் பழக்கம். அண்ணன் வைத்த பட்டப்பெயர் பீச்சாங்கை. “ஏய் பீச்சாங்கை, அந்தக் குறடை எடு” என்றால்தான் இவளுக்கும் காது கேட்கும்.

அண்ணனிடம் ஒரு பழைய வண்டி இருந்தது. தாத்தா காலத்து வண்டி என்று சொன்னால் அந்த வண்டியே கோபித்துக்கொள்ளும், அதற்கும் முந்தியது. அதன் சோக் நெம்புகோல் உடைந்துபோனபோது அம்மாவின் கரண்டி ஒன்றைத் திருடி, காம்பை வெட்டிப் பொருத்திவிட்டான். அம்மா ஒரு வாரம் அவனுக்குச் சாப்பாடு போடும்போதெல்லாம், “கரண்டி எங்கன்னு உன் வண்டியப் போய்க் கேளு” என்று கையாலேயே அள்ளிப் போட்டாள். அன்றிலிருந்து அது ஸ்பூன் வண்டி.

அந்த நாளின் காலையில் அதன் முன் சக்கரத்தைக் கழற்றி மாட்டியது இவள்தான். அச்சு நட்டை முறுக்கி முடித்ததும், நட்டில் இருக்கும் சின்னத் துளை வழியாக ஒரு மெல்லிய கம்பியை விட்டு முறுக்கிக் கட்ட வேண்டும். அப்போதுதான் ஓட்டத்தில் நட்டு தளராது. நட்டை முறுக்கிக்கொண்டிருந்தபோது வீட்டுக்குள் தொலைபேசி அடித்தது. ஓடிப்போய் எடுத்தாள். யாரோ ராங் நம்பர். திரும்பி வந்தாள், கையைத் துடைத்தாள், ஏதோ செய்தாள். பத்து நிமிடத்தில் அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். பாலத்து இறக்கத்தில் முன் சக்கரம் தனியாகப் பிய்த்துக்கொண்டு ஓடியதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அவன் உயிரோடு ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

கம்பியைக் கட்டினாளா? ஞாபகம் இல்லை. எத்தனை முறை யோசித்தாலும் ராங் நம்பர் வரைக்கும்தான் ஞாபகம் வருகிறது. அதற்கப்புறம் வெறும் கை துடைத்த துணி. அப்படியானால் கட்டவில்லை என்றுதானே அர்த்தம்? அவள் அப்படித்தான் முடிவு கட்டினாள். காரியமெல்லாம் முடிந்த மறுநாளே அப்பா பட்டறைக் கதவை இழுத்துச் சாத்தினார். ஸ்பூன் வண்டியை யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் பழைய இரும்புக்காரனிடம் தள்ளிவிட்டார். இவளைப் பார்த்து, “இனிமே நீ ஸ்பேனரத் தொடக்கூடாது” என்றார். போதாதா? அப்பாவுக்கும் தெரிந்துவிட்டது, வாய்விட்டுச் சொல்லாமல் தண்டனை கொடுக்கிறார் என்று எடுத்துக்கொண்டாள். அம்மாவும் இரண்டு வருடத்தில் போய்விட்டாள். அதையும் தன் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டாள் இந்தப் பைத்தியக்காரி.

ஆனால் ஸ்பேனரைத் தொடாமல் இருக்க முடியவில்லை. பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால், பழைய பஞ்சுக் கிடங்கு ஒன்றை மோட்டார் சைக்கிள் அருங்காட்சியகமாக மாற்றினார்கள். ஆரம்பகாலப் பட்டறை ஒன்றை அப்படியே உள்ளே எழுப்ப வேண்டும் என்று துருத்தி, தோல் பட்டை, வைஸ் என்று ஊரெல்லாம் தேடினார்கள். அப்பா பூட்டி வைத்திருந்த பட்டறையிலிருந்து வேலை மேசையைக் கொடுத்தது இவள்தான். மேசையைப் பொருத்திக் கொடுக்கப் போனவளை அங்கேயே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். அப்பா நான்கு நாள் இவளிடம் பேசவில்லை. ஐந்தாம் நாள், “மேசைக்கு எண்ணெய் பூசாதே, பிசுபிசுன்னு ஆயிடும்” என்று மட்டும் சொன்னார்.

அருங்காட்சியகத்தில் ஒரே ஒரு சட்டம்தான். எதையும் துடைக்கக் கூடாது. இயக்குநர் அம்மா மெலிந்த உடம்பு, ஆனால் குரல் மட்டும் லாரி ஹாரன். “அழுக்கும் ஆவணம்” என்பார். வரும் வண்டி ஒவ்வொன்றையும் முதலில் படம் எடுக்க வேண்டும். பிறகு அட்டையில் எழுத வேண்டும். அந்த அட்டையில் ‘முந்தைய பழுதுபார்ப்பு, செய்தவர்’ என்று ஒரு கட்டம் உண்டு. முன்பு யார் கை வைத்தார்கள், என்ன செய்தார்கள் என்று அதில் வரவேண்டும். பெரும்பாலும் ‘தெரியவில்லை’ என்றுதான் எழுதுவாள்.

போன மாதம், பழைய இரும்புக் கடைகளில் தேடித் தேடி வண்டிகளைச் சேர்த்து வைத்திருந்த ஒருவர் இறந்துபோக, அவர் குடும்பம் பதினொரு வண்டிகளைக் கொடுத்தது. ஒன்பதாவது பெட்டியை நெம்பித் திறந்தாள். நசுங்கிய டேங்க், வளைந்த ஹேண்டில். ஹேண்டில் ஓரத்தில், கரண்டிக் காம்பு.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து அறையிலிருந்து இயக்குநர் அம்மா, “என்ன வண்டிம்மா அது?” என்று கத்தினார். “தெரியலைங்க” என்று வாய் தானாகப் பொய் சொன்னது.

முன் சக்கரம் தனிப் பெட்டியில் இருந்தது. பெட்டி மூடியில் கை வைத்தாள், எடுத்தாள். உள்ளே நட்டில் கம்பி இல்லாவிட்டால்? இத்தனை வருடம் நம்பிய ஒன்றைக் கண்ணால் பார்ப்பது வேறு சங்கதி. திறக்காமல் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தாள். பிறகு, பூட்டை இழுத்துப் பார்க்கிற அதே கை, மூடியை இழுத்துவிட்டது.

அச்சு நட்டின் மேல் கறுப்பு கிரீஸ் கட்டி கட்டியாகக் காய்ந்து கிடந்தது. படம் எடுக்க வேண்டும், அட்டை எழுத வேண்டும். சட்டமாவது ஒன்றாவது! கட்டைவிரலால் அழுத்தித் துடைத்தாள்.

கம்பி இருந்தது.

துளைக்குள் நுழைந்து, வெளியே வந்து, ஒழுங்காக முறுக்கப்பட்டு, நுனி உள்பக்கம் மடங்கி இருந்தது. முறுக்கு இடப்பக்கமாக ஓடியது. அந்தப் பட்டறையில் எல்லாரும் வலப்பக்கமாகத்தான் முறுக்குவார்கள். பீச்சாங்கை ஒருத்திதான் இடப்பக்கம் முறுக்குவாள். அது அவள் கட்டிய கம்பி. நட்டு அரை நூல்கூட நகரவில்லை.

சந்தோஷப்பட்டிருப்பாள் என்று நினைக்கிறீர்களா? இல்லை. பேயறைந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். இருபத்தாறு வருடம் சுமந்த பாறையை யாரோ தலையிலிருந்து இறக்கி வைத்தால் கழுத்துக்கு என்ன செய்வதென்றே தெரியாது. சக்கரம் கழன்று ஓடவில்லை என்றால், பின்னே எதுதான் போனது?

அப்போதுதான் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த முன் ஃபோர்க்கின், அதாவது சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் கவையின், துண்டுகளைப் பார்த்தாள். ஃபோர்க்கின் இரண்டு குழாய்களும் மேலே முறிந்திருந்தன. இடது குழாயின் முறிவில் பாதி வட்டம் கரடுமுரடான சாம்பல் நிறம், அது அன்று முறிந்த இரும்பு. மறுபாதி கன்னங்கரேல் என்று இருந்தது. அந்தக் கறுப்புக்குள் பித்தளை வழிந்து இறங்கியிருந்தது. வெடிப்பு ஏற்கெனவே இருந்திருக்கிறது. குழாயை மாற்றாமல் மேலேயே பித்தளையை உருக்கி ஊற்றி, பெயின்ட் அடித்து மூடியிருக்கிறார்கள். பார்க்கப் பளிச்சென்று இருக்கும், பலம் ஒரு துளியும் இருக்காது. அடுத்த பட்டறைக்காரன் இப்படிச் செய்தால் அப்பா, “இவனெல்லாம் மெக்கானிக்கா, கொலைகாரன்” என்று திட்டுவார்.

அவர்கள் பட்டறையில் பித்தளைப் பற்று வைக்கத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான்.

மேலங்கியைக் கழற்றாமலே வீட்டுக்கு நடந்தாள். அருங்காட்சியகக் கதவைச் சாத்தினாளா என்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. எழுபத்தெட்டு வயது அப்பா ஜன்னலோரம் நாற்காலியில் பூதக்கண்ணாடியோடு செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, ஸ்பூன் வண்டி வந்திருக்கு.”

பூதக்கண்ணாடி மடியில் விழுந்தது. எங்கே வந்தது, எப்படி வந்தது என்று அவர் கேட்கவில்லை.

“ஃபோர்க்கப் பாத்தியா?” என்றார்.

“பாத்தேன்.”

“அப்போ தெரிஞ்சுபோச்சு.” செய்தித்தாளை நான்காக மடித்தார், எட்டாக மடித்தார். “புதுக் குழாய் வர ரெண்டு மாசம் ஆகும்னாங்க. அவன் விடல. போடுங்கப்பா போடுங்கப்பான்னு உயிர எடுத்தான். சரி, தற்காலிகமா இருக்கட்டும்னு பித்தளைப் பத்து வச்சுக் கொடுத்தேன். எனக்குத் தெரியாதா அது நிக்காதுன்னு? தெரிஞ்சேதாம்மா செஞ்சேன். எம்புள்ளைய நாந்தான் கொன்னேன்.”

அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வந்ததோ கோபம். “இத்தனை வருஷம் வாயில என்னப்பா வச்சிருந்தீங்க? ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?”

“உங்கிட்ட எதுக்குச் சொல்லணும்? அது என் பாவம். உனக்கு இதுல என்ன வந்துச்சு?”

“எனக்கு என்ன வந்துச்சா? நான் நட்டுக்குக் கம்பி கட்டலைன்னு நினைச்சேம்ப்பா! நாந்தான் அண்ணனக் கொன்னுட்டேன்னு நினைச்சேன்!”

அப்பாவுக்கு முதலில் புரியவே இல்லை. வேறு யாரோ ஒரு பெண் யாரைப் பற்றியோ சொல்கிறாள் என்பது போலப் பார்த்தார். பிறகு மெல்லப் புரிந்தது. அவர் வாய் திறந்தது, மூடவில்லை. கை நாற்காலியின் பிடியைத் தடவித் தடவித் தேடியது.

“எப்போலேருந்து?”

“அன்னிலேருந்து.”

“அடப்பாவி மகளே.” அவர் குரல் கிறீச்சிட்டது. “அன்னிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல வண்டியப் போட்டு வச்சிருந்தாங்க. நான் முதல்ல நட்டத்தான் பாத்தேன். உன் கம்பி அப்படியே இருந்துச்சு, பீச்சாங்கை முறுக்கு. எனக்கு அன்னிக்கே தெரியுமே. நீ நல்லாத்தான் கட்டியிருந்தேன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்மா!”

அன்றே தெரியும். அன்று சாயங்காலமே, இதே மனிதர், இதே வாயால், கம்பி இருந்தது என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம்.

“அப்புறம் எதுக்கு என்னை ஸ்பேனரத் தொடாதேன்னீங்க?”

“இன்னொரு புள்ளையும் போயிடக் கூடாதுன்னு சொன்னேன்.” அவர் அழுதார். அண்ணன் செத்தபோதுகூட அவர் அழுது அவள் பார்த்ததில்லை. “நீ அப்படி எடுத்துக்குவேன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீ ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?”

இருவரும் ஒரே வீட்டில் ஒரே சட்டியில் சாப்பிட்டுக்கொண்டுதான் இத்தனை காலமும் இருந்தார்கள்.

மறுநாள் காலை அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு, கூப்பிடாமலே அருங்காட்சியகத்துக்குக் கிளம்பினார். அந்தக் கட்டடத்துக்குள் அவர் கால் வைப்பது அதுதான் முதல் முறை. தன் பழைய மேசையைக் கடந்து போனார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகச் சக்கரத்தின் முன்னால் போய்க் குனிந்தார். விரல் நுனியால் கம்பியைத் தொட்டார்.

இயக்குநர் அம்மாவிடம் இவள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அவருடைய லாரி ஹாரன் குரல் அன்று எழும்பவே இல்லை. “ஐயா, இந்த அட்டைய எல்லாரும் படிப்பாங்க. ‘தெரியவில்லை’ன்னே போட்டுக்கலாம். யாரும் கேட்கப் போறதில்ல” என்றார்.

“யாரும் கேட்காததுதாங்க வினையே” என்றார் அப்பா. “தெரியும்னு போடுங்க. ஃபோர்க் என் வேலை. தப்பான வேலை. அப்படியே எழுதுங்க.”

இவள் இடதுகையில் பேனாவை எடுத்து, ஃபோர்க் என்று எழுதத் தொடங்கினாள். அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

“இரு. அத ரெண்டாவதா எழுதிக்கலாம்.” அவர் அட்டையின் முதல் வரியைத் தொட்டுக் காட்டினார். “முதல்ல இத எழுது. நான் சொல்றேன். முன் சக்கரம், பூட்டியது மகள். சரியாகப் பூட்டப்பட்டுள்ளது.”

அவள் எழுதினாள். அவர் பூதக்கண்ணாடியை எடுத்து வைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்துச் சரிபார்த்தார்.