மேற்படி என்று எழுதிய கட்டம்

பள்ளிக்கூடத்தில் அவருக்கு ரீசெட் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்ததுதான். ஆனாலும் இருபது வருடம் புழங்கிய பெயர் எத்தனை நாளைக்கு முதுகுக்குப் பின்னாலேயே நிற்கும்? பிரின்சிபாலே ஒருமுறை வாய் தவறி, "ரீசெட்டை வரச் சொல்லுங்க" என்று மைக்கில் சொல்லிவிட்டார். பள்ளி முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். சிரிக்காமல் இருந்தால் இன்னும் கொஞ்சம் சிரிப்பார்கள்.

ஆய்வக உதவியாளர் வேலை. குடுவை கழுவ வேண்டும், மேசை துடைக்க வேண்டும், வாத்தியார்கள் அதட்டினால் தலையை ஆட்ட வேண்டும். ஆனால் வருடத்தில் எட்டு நாள், பொதுத்தேர்வு நடக்கும் எட்டு நாள், அவர் வேறு ஆள். தேர்வுக்கூட வாசலில் ஒரு மேசை, ஒரு நாற்காலி. வரைபடம் போடும் கால்குலேட்டர் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதை அவர் முன்னால் வைத்தாக வேண்டும். உள்ளே சூத்திரம், குறிப்பு, விடை எது ஏற்றியிருந்தாலும் ரீசெட் போட்டு மொத்தமாக அழித்த பிறகுதான் உள்ளே விடுவார். பணக்காரப் பிள்ளைகளும் முதல் மாணவர்களும் அந்த மேசை முன்னால் கைகட்டி நிற்பார்கள். அந்த எட்டு நாளும் அவருக்கு நல்ல பசி எடுக்கும்.

கால்குலேட்டர்களைப் பற்றி அவர் ஓர் அட்டவணை வைத்திருந்தார். பெரிய வரைதாள், மடித்து மடித்து ஓரங்கள் துணிபோல ஆகிவிட்டது. மாடல்களுக்கு அவரே பெயர் வைத்திருந்தார்.

முதலில் வந்தது செங்கல். கனமும் அப்படித்தான். நாலு பென்சில் பேட்டரி. ஓர் அலைக்கோட்டை வரையச் சொன்னால் புள்ளி புள்ளியாக, எறும்பு சுவரேறுவதுபோல் வரையும். நாலு பேட்டரியையும் உருவினாலும் நினைவு போகாது. பின்பக்கத் திருகாணிக்கு அடியில் சட்டைப் பொத்தான் அளவில் இன்னொரு பேட்டரி உட்கார்ந்து அதைக் காவல் காக்கும். அடுத்தது சாம்பல். வேகம் இரண்டு மடங்கு. நினைவகத்துக்குள் பூட்டுப் போட்ட அறைபோல ஓர் இடம் புதிதாக வந்தது; பாதி ரீசெட் போட்டால் அந்த அறையில் இருப்பது தப்பித்துவிடும், முழு ரீசெட் போட வேண்டும். அப்புறம் வெள்ளி. கம்பி போட்டுக் கணினியோடு இணைத்து ஒரு பாடப்புத்தகத்தையே உள்ளே தள்ளலாம். திரை மட்டும் அதே பழைய திரை, பாசி பிடித்த தண்ணீரின் நிறத்தில். கடைசியாக வந்தது கலர். மெலிசு, மொபைல்போலச் சார்ஜ் ஏற்ற வேண்டும், பேட்டரி மாற்றிப்போடும் வேலையே கிடையாது. பின்னாலிருந்து விளக்கு எரியும் திரை. மூன்று கோடு வரைந்தால் மூன்றும் மூன்று நிறம்.

அட்டவணையின் கடைசிப் பத்தியை அவர் யாருக்கும் காட்டியதில்லை. அதைப் பின்புறமாக மடித்து வைத்திருப்பார். 'ரீசெட் ஆனதும் திரை' என்று அதற்குத் தலைப்பு.

அந்தப் பத்தி பிறந்தது நெட்டை என்று ஒருவன் படித்த வருடத்தில். நெட்டை கெட்டிக்காரன். 'நினைவகம் அழிக்கப்பட்டது' என்ற செய்தியை மட்டும் திரையில் காட்டும் ஒரு போலி நிரலை அவனே எழுதியிருந்தான். எதுவும் அழியாது, செய்தி மட்டும் வரும். அன்று காலை வெயில் திரையில் பட்டு எழுத்து தெரியாததால் ரீசெட் கருமையைக் கூட்டியிருந்தார். செய்தி வந்த பிறகும் கருமை கூட்டினபடியே நின்றது. அவருக்கு மூக்கில் வேர்த்தது. உண்மையாக ரீசெட் ஆனால் கருமையும் நடு அளவுக்குத் திரும்பிவிடுமே! வரிசையில் நின்ற நூறு பேர் முன்னால் நெட்டையை முழங்காலில் விழவைத்தார். "சொல்லு, யாரை ஏமாத்தப் பார்த்தே? சத்தமா சொல்லு." அவன் அழுத அழுகையை வீட்டுக்குப் போய் மனைவியிடம் நடித்தே காட்டினார்.

அன்றிலிருந்து அதுதான் அவர் உத்தி. கருமையை உச்சத்துக்கு ஏற்று, ரீசெட் போடு, திரை வெளுத்தால் நிஜம், வெளுக்காவிட்டால் போலி. செங்கலுக்கும் சாம்பலுக்கும் வெள்ளிக்கும் தனித்தனியாகச் சோதித்து, 'நடு அளவுக்குத் திரும்பும்' என்று கடைசிப் பத்தியில் எழுதினார். கலருக்கு மட்டும் சோதிக்கவில்லை. மாதிரி ஒன்று ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தது தேர்வு வாரத்தில். உறையைப் பிரிக்கக்கூட நேரமில்லை. கட்டம் காலியாக இருந்தால் கண்ணை உறுத்துமே என்று அதில் 'மேற்படி' என்று எழுதிவைத்தார்.

வீட்டில் இந்த அட்டவணைக்கு மரியாதை கிடையாது. அதிலும் மச்சினன், மனைவியின் தம்பி, லிஃப்ட் மெக்கானிக், வாய் சும்மா இருக்காது.

"மச்சான், மறுபடியும் ஜாதகத்தை விரிச்சிட்டீங்களா? எந்த டப்பாவுக்கு எந்த டப்பா பொருத்தம்?"

"உனக்கு என்ன தெரியும்?"

"எனக்கு என்ன தெரியணும்? எல்லாம் ஒரே டப்பா. பட்டனைத் தட்டினா நம்பர் வரும். என் லிஃப்ட்லயும் பட்டன் இருக்கு, அதுல ஆளாவது மேல போறான்."

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள். சிரிக்காத ஒரே ஆள் மச்சினனின் மகள். வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பா. அவருடைய பள்ளியிலேயே கடைசி வருடம். அட்டவணையைத் தரையில் விரித்து, முட்டிபோட்டுக்கொண்டு படிப்பாள்.

"மாமா, வெள்ளிக்கும் கலருக்கும் வேகத்துல பெரிய வித்தியாசம் இல்லையே, அப்புறம் ஏன் கலர்?"

"ஒரே திரையில மூணு கோடு வெட்டிக்கிட்டா வெள்ளியில எது எதுன்னு தெரியாது. கலர்ல தெரியும். உனக்குக் கலர்தான் சரி."

அவர் சொன்னார் என்பதற்காகவே அவள் கலர் வாங்கினாள். பொறியியல் கல்லூரியில் அவளுக்கு ஓர் இடம் எடுத்து வைத்திருந்தார்கள். கணிதத் தேர்வை எழுதி மதிப்பெண்ணைக் காட்டினால் இடம் அவளுடையது. காட்டாவிட்டால் அடுத்த ஆளுக்கு.

கணிதத் தேர்வு அன்று பாப்பா வரிசையில் பதினோராவது ஆள். கால்குலேட்டரை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தாள். பக்கத்தில் பிரின்சிபால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அதுவரை வந்த பத்தும் பழைய மாடல்கள். கலரில் கருமைக்குப் பதில் வெளிச்சம்; ரீசெட் அதை உச்சத்துக்கு ஏற்றினார், பொத்தான்களை அழுத்தினார். 'நினைவகம் அழிக்கப்பட்டது.' வெளிச்சம் குறையவில்லை.

ஒரு நொடி அவர் விரல் நின்றது. 'மேற்படி' என்ற சொல், அவர் கையெழுத்தில், நீல மையில், மனதில் வந்து போனது. உறை பிரிக்காமல் எழுதியது. அவருக்கு அது நன்றாக நினைவிருந்தது.

"என்ன, ஏதாவது பிரச்சினையா?" என்றார் பிரின்சிபால்.

"போலி சார்."

"மாமா, என்ன சொல்றீங்க? நான் எதுவுமே..."

"இங்க மாமா கிடையாது." குரல் தானாகவே உயர்ந்தது. வரிசை முழுவதும் எட்டிப் பார்த்தது. "தள்ளி நில்லு."

கால்குலேட்டரை உறையில் போட்டு அரக்கு வைத்தார்கள். பாப்பா வராந்தாச் சுவரோரம் மூன்று மணி நேரம் நின்றாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. தேர்வு முடிந்ததும் ஆசிரியர் அறையில் பிரின்சிபால் அவர் தோளில் கைபோட்டார். "சொந்தக்காரப் பொண்ணுன்னுகூடப் பார்க்கலையே! இவரை மாதிரி நாலு பேர் இருந்தா போதும்." வாத்தியார்கள் எழுந்து நின்று கை குலுக்கினார்கள். இருபத்திரண்டு வருடத்தில் அந்த அறையில் அவரை உட்காரச் சொன்னது அன்றுதான்.

மனைவி மட்டும் சாப்பாட்டுத் தட்டை அவர் முன்னால் தள்ளிவைத்துவிட்டு, "உங்க கைக்கு வேற ஆள் கிடைக்கலையா?" என்றாள்.

மறுநாள் காலை அவர் ஆய்வகத்தை உள்ளே தாழிட்டுக்கொண்டு மாதிரிக் கலரின் உறையைப் பிரித்தார். வெளிச்சம் உச்சத்துக்கு. ரீசெட். குறையவில்லை. மறுபடியும். குறையவில்லை. மூன்றாவது முறை கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். கலர் மாடல் அதன் வெளிச்சத்தை எங்கேயோ தனியாக வைத்திருந்தது. ரீசெட் அதைத் தொடுவதேயில்லை. தேர்வு வாரியத்தின் அதிகாரி விசாரணைக்கு வர இன்னும் ஒரு நாள் இருந்தது. இப்போதே மாடியேறிப் போய்ப் பிரின்சிபாலிடம் சொன்னால் பாப்பாவுக்குத் துணைத்தேர்வு கிடைக்கும்.

படிக்கட்டு வரை போனார். ஆசிரியர் அறை வழியாகத்தான் போக வேண்டும். உள்ளே நேற்று அவர் உட்கார்ந்த நாற்காலி அப்படியே இருந்தது. ஒரு வாத்தியார், "வாங்க, வாங்க, டீ சாப்பிடுங்க" என்றார். சாப்பிட்டார். கீழே திரும்பி வந்து, மாதிரிக் கலரை உச்ச வெளிச்சத்தில் வைத்து, அணைந்துபோகாமல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு பொத்தானைத் தட்டிக்கொண்டே சாயங்காலம் வரை குடுவை கழுவினார். நாலரை மணிக்கு அது செத்தது. சார்ஜ் கம்பியைச் சுருட்டித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

விசாரணை பிரின்சிபால் அறையில். அதிகாரிக்கு ஓய்வு பெறும் வயது, கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் படிப்பவர். ஒரு பக்கம் பாப்பா, பக்கத்தில் அவள் அப்பா, வேலைச் சீருடையோடு. மச்சினன் வாயிலிருந்து அன்று ஒரு கேலியும் வரவில்லை.

"என் கால்குலேட்டரை எடுத்து, இப்பவே ரீசெட் போட்டுப் பார்க்கச் சொல்லுங்க சார்" என்றாள் பாப்பா. "நான் போலி எதுவும் போடலை."

"அரக்கு வெச்சதை வாரியத்துலதான்மா பிரிக்கணும். நான் பிரிக்க முடியாது. லேப்ல இதே மாடல் இருக்கா?"

"இருக்கு சார்," என்றார் ரீசெட். "சார்ஜ் இல்ல, கம்பியும் லேப்ல இல்ல. இது பேட்டரி மாத்திப் போடற வகை இல்ல."

"அப்போ எதை வெச்சுச் சொல்றீங்க?"

அவர் அட்டவணையை விரித்து, மடித்து வைத்திருந்த கடைசிப் பத்தியையும் முதல்முறையாகப் பிரித்துக் காட்டினார். அதிகாரி அசந்துபோனார். "இருபது வருஷ வேலையா இது? ஒவ்வொண்ணா சோதிச்சு எழுதியிருக்கீங்களே!" விரல் கீழே இறங்கியது. "செங்கல், நடு அளவுக்குத் திரும்பும். சாம்பல், வெள்ளி, அதேதான். கலர்... மேற்படி. அப்போ இதுவும் அப்படித்தானே?"

"மேற்படின்னுதான் சார் எழுதியிருக்கு."

ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த வெள்ளியை எடுத்துக் கருமையை ஏற்றி ரீசெட் போட்டார். திரை பளிச்சென்று வெளுத்தது. அதிகாரி தலையை ஆட்டினார்.

"இது முந்தின மாடல் சார்!" பாப்பா எழுந்துவிட்டாள். "இதுல விளக்கே கிடையாது. இது வேற, என்னது வேற. மாமா, நீங்கதானே எனக்குச் சொல்லிக்கொடுத்தீங்க, சொல்லுங்களேன்!"

அவர் வெள்ளியை உறையில் போட்டுக்கொண்டிருந்தார்.

அதிகாரி பாப்பாவின் அப்பாவைப் பார்த்தார். "நீங்க மெக்கானிக்தானே? உங்க பொண்ணோடதை வீட்டுல பார்த்திருப்பீங்க, இதையும் பார்த்துச் சொல்லுங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கா?"

மச்சினன் வெள்ளியைக் கையில் வாங்கினான். லிஃப்ட் கம்பிகள் தேய்த்த கை. திருப்பித் திருப்பிப் பார்த்தான். மகள் முகத்தைப் பார்த்தான். என்ன சொன்னால் அவளுக்கு நல்லது என்று அவனுக்குத் தெரியவில்லை. பொய் சொல்லி மாட்டிக்கொள்ளவும் பயம். "எனக்கு... எல்லாம் ஒண்ணு போலத்தான் சார் தெரியுது" என்றான்.

பாப்பா உட்கார்ந்துவிட்டாள். அதிகாரி எழுத ஆரம்பித்தார். கணிதத் தேர்வு ரத்து, ஒரு வருடம் எழுதத் தடை. வெளியே வரும்போது மச்சினன், "மச்சான், உங்களுக்கு நிச்சயமா தெரியும்தானே?" என்று மட்டும் கேட்டான். "தெரியும்" என்றார் அவர். அது பொய்யில்லை.

அன்று சாயங்காலம் ஆய்வகத்தில் அட்டவணையை விரித்து, 'மேற்படி'யை ஸ்கேல் வைத்து நேராக அடித்துவிட்டு, மேலே சின்ன எழுத்தில் 'மாறாது' என்று எழுதினார். அட்டவணையில் தப்பு இருக்கக் கூடாது. கடைசிப் பத்தியைப் பழையபடி பின்னால் மடித்தார்.

கல்லூரி இடம் வேறு யாருக்கோ போனது. மச்சினன் வீட்டுக்கு வருவதை நிறுத்தினான். ரீசெட்டுக்கு ஆசிரியர் அறையில் ஒரு நாற்காலி நிலைத்தது. மூன்று மாதத்தில் அவர்களுக்கு அதுவும் சலித்து, "ரீசெட், டீ எடுத்துட்டு வா" என்றார்கள். கொண்டுபோய்க் கொடுத்தார்.

அடுத்த வருடத் தேர்வில் கலர்கள் நிறைய வந்தன. கலருக்கு வேறு சோதனை கண்டுபிடித்திருந்தார்: முன்கூட்டியே ஓர் எண்ணை உள்ளே சேமித்துவிட்டு, ரீசெட் போட்ட பிறகு அது இருக்கிறதா என்று பார்ப்பது. சரியாக வேலை செய்தது. வரிசையில் முப்பத்திரண்டாவது ஆளாக பாப்பா வந்து நின்றாள். தன்னைவிட ஒரு வயது சின்னவர்களுக்கு நடுவில், தலை குனியாமல். வாரியம் பிரித்துக்கூடப் பார்க்காமல் திருப்பியனுப்பிய அதே கலர், மூலையில் அரக்குத் துணுக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"வெளிச்சத்தை நானே ஏத்தி வெச்சிட்டேன் சார்" என்றாள்.

அவர் எண்ணைச் சேமித்தார். ரீசெட் போட்டார். செய்தி வந்தது. எண் போய்விட்டது. வெளிச்சம் மட்டும் உச்சத்தில், அவர் முகவாய்க்கட்டையில் வெள்ளையாக அடித்துக்கொண்டு நின்றது.

"சரி. போ."

அவள் கால்குலேட்டரை எடுத்தாள், போகவில்லை. குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "குறையலையே சார். இது போலி இல்லையா?" என்றாள்.

அவர் அவள் தோளுக்கு மேலாகப் பின்னால் நின்றவனைப் பார்த்தார்.

"அடுத்து" என்றார்.