சம்சியா விழுங்கிய ‘ஏன்’

செமிலிங் ஊருக்குப் பக்கத்துப் பல்கலைக்கழகக் கேண்டீனில் ரொட்டி சானாய் போடும் சம்சியாவுக்கு ‘ஏன்’ கேட்காமல் வாய் சும்மா இருக்காது. ஏன் லேட்டு, ஏன் மிச்சம் வச்சே?

கேண்டீன் ஊழியர்களுக்கான பாலியல் தொல்லை தடுப்புப் பயிற்சியில் கவுன்சலர் உமாராணி சொன்னாள்: “பாதிக்கப்பட்டு வர்ற பிள்ளைகிட்ட ஏன்னு கேக்காதீங்கக்கா. என்ன வேணும்னு கேளுங்க.”

“அதைத்தானே தினம் கேக்குறேன் லா!” என்றாள் சம்சியா.

மறுவாரம் ஒரு மாணவி அழுதுகொண்டே வந்தாள். “ஒருத்தன் விடாமப் பின்னாடியே வர்றான்க்கா.”

தொண்டைவரை வந்த ‘ஏன்’னை சம்சியா விழுங்கினாள். பதற்றத்தில் பழக்கம் முந்திக்கொண்டது.

“என்னம்மா வேணும்? புங்குஸ் கட்டித் தரவா, இங்கயே சாப்பிடுறியா?”

அழுதவள் சிரித்துவிட்டாள். “கவுன்சலர் ரூம் வரைக்கும் கூட வர்றீங்களாக்கா?”

சம்சியா அடுப்பை அணைத்துவிட்டு அவள் கையைப் பிடித்தாள். பசியோடு நின்ற வரிசை கத்தியது: “ஏன்க்கா?”

“ஏன்னு கேட்டா நாளைக்கும் ரொட்டி கிடையாது!”