வன்சென் கோட்டையில் சித்தி கேட்டது

சித்தி எங்கள் வீட்டுக்கு வந்து எட்டு மாதமாகியும் பாரிஸைப் பார்க்கவில்லை. லா சப்பலில் எங்கள் வீட்டு யன்னலைத் திறந்தால் பாலத்தின் மேல் இரண்டாம் இலக்க மெத்ரோ ஓடுவது தெரியும். அதுவே அவருக்குப் போதுமாயிருந்தது. ஈபிள் கோபுரத்துக்குப் போவோம் என்று அப்பா மூன்று முறை கேட்டுப் பார்த்தார்.

"அது அங்கைதானே நிக்கப்போகுது அத்தான், பேந்து பாப்பம்" என்று சொல்லிவிட்டார்.

சித்தி அம்மாவின் தங்கை. ஊரில் போர் முடிந்த அடுத்த வருடம் இங்கே வந்தவர். அப்போது எனக்குப் பத்து வயது. சித்தப்பாவை இராணுவம் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனது, அதன் பிறகு அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. இவ்வளவுதான் எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்கைச் செய்துவிட்டால் மனம் ஆறும் என்று அம்மாவும் அப்பாவும் குசினி அடுப்படியில் வைத்துச் சித்தியிடம் மெதுவாகச் சொல்வார்கள். சித்தி மெதுவாகச் சொல்லமாட்டார்.

"ஆரும் கண்டவையோ? காணாமல் நான் ஒரு சடங்கும் செய்யன்."

அடுத்த நாள் காலையில் கண்ணாடிக்கு முன்னால் நின்று இன்னும் கொஞ்சம் பெரிதாகக் குங்குமம் வைத்துக்கொள்வார். நாள் முழுக்க அவர் கவனமெடுத்துச் செய்த ஒரே வேலை அதுதான்.

அந்த இலையுதிர் காலத்தில் பாடசாலையிலிருந்து எங்களை வன்சென் கோட்டைக்குக் கூட்டிப்போனார்கள். நகரத்தின் கிழக்கு ஓரத்தில், ஒரு பெரிய பூங்காக்காட்டை ஒட்டி நிற்கும் பழைய அரச கோட்டை அது. பிறகு சிறையாகவும் இருந்திருக்கிறது. கைதிகள் சுவரில் கீறி வைத்த பெயர்களை ஆசிரியை காட்டினார். எங்கள் வகுப்பில் ஒருத்தி, அந்தச் சுவரில் காதை வைத்தால் உள்ளே காணாமல் போனவர்கள் கதைப்பது கேட்கும் என்று சொல்லி எல்லோரையும் அலற வைத்தாள். வீட்டுக்கு வந்து அதையும் ஆசிரியை சொன்னதாகவே சித்திக்குச் சொன்னேன். என் கதைக்கு ஒரு மதிப்பு வரவேண்டும் அல்லவா.

சித்தி வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினார்.

"நாங்கள் கூப்பிட்டால் பதில் சொல்லுவினமோ?"

"ஓம் சித்தி. வடிவாச் சொல்லுவினம்" என்றேன்.

"என்னை ஒருக்கா அங்கை கூட்டிக்கொண்டு போவியோ, பிள்ளை?"

அவர் தானாக ஓரிடம் போகக் கேட்டது அதுதான் முதல் தடவை. அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ரெஸ்ரோறண்டில் வேலை. அம்மாவும் சித்தியும் நானும் ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு, நாசியோனில் மெத்ரோ மாறி, கடைசித் தரிப்பிடம் வரை போனோம். பூங்காவில் மரங்கள் பாதி இலையுதிர்ந்து நின்றன. பத்தடிக்கு அப்பால் பனிப்புகார் மூடியிருந்ததால், நாய்களைக் கூட்டிக்கொண்டு நடந்தவர்கள் திடீரென்று தோன்றி, திடீரென்று இல்லாமல் போனார்கள். அம்மா நீட்டிய ரொட்டியைச் சித்தி கையில் வைத்திருந்தாரே தவிர, சாப்பிடவில்லை.

கோட்டைக்குள் நடுவில் நிற்கும் உயரமான கோபுரத்துக்கு ஒடுங்கிய சுழல்படி. அம்மாவுக்கு முழங்கால் நோவு. "நீங்கள் ரெண்டுபேரும் போட்டு வாங்கோ" என்று முற்றத்திலிருந்த வாங்கு ஒன்றில் உட்கார்ந்துவிட்டார்.

முதலாவது மாடித்தட்டின் மூலையில் ஒரு சிறிய கைதி அறை இருந்தது. கல்லாலான நிலம், உயரத்தில் ஒரு யன்னல். சித்தி சுவரைத் தொடாமல், அதன் அருகே விரலைப் பிடித்தபடி ஒவ்வொரு கீறலாகப் பார்த்தார்.

"இதென்ன பிள்ளை?"

"பேர், சித்தி. இஞ்சை மறிச்சு வைச்சிருந்த ஆக்களின்ர."

"பேர் எழுத விட்டிருக்கினம்" என்றார். அதில் ஏதோ பொறாமை போல ஒன்று இருந்ததாக எனக்குப் பட்டது. அங்கிருந்து அசையவில்லை. எனக்குச் சலித்துவிட்டது. மேலே போகிறேன் என்று சொன்னேன். அவருக்குக் கேட்டதோ தெரியாது.

மேல்தட்டிலும் அதே மூலையில் அதேபோல் ஒரு அறை. ஒருவரும் இல்லை. சுவரின் அடியில், என் தலை போகுமளவு அகலத்தில் ஒரு பழைய ஓட்டை கல்லுக்குள் கீழே இறங்கியது. குந்தியிருந்து எட்டிப் பார்த்தேன். இருட்டு. குளிர்ந்த காற்று மட்டும் முகத்தில் வந்து பட்டது. அப்போது, காதுக்குப் பக்கத்தில் நின்று பேசுவதைப் போல் சித்தியின் குரல் கேட்டது.

"இஞ்சேருங்கோ..."

அம்மா அப்பாவைக் கூப்பிடுவது அப்படித்தான். அப்பா பேப்பருக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு பேசாமல் இருந்தால், நான் குரலைத் தடிப்பாக்கி அவருக்குப் பதிலாக "ஓம்" என்பேன். மூவரும் சிரிப்போம். அது எங்கள் வீட்டு விளையாட்டு. சித்தியும் எட்டு மாதமாய் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்தானே. இப்போது அவரும் சேர்ந்துகொண்டார் என்று நினைத்தேன்.

"ஓம்" என்றேன், தடித்த குரலில். ஓட்டைக்குள் இறங்கிய அந்தச் சத்தம் என்னுடையதாக இருக்கவில்லை.

கீழே சித்தி மிகவும் சாதாரணமாக, கறி கொதிக்கும்போது பக்கத்தில் நின்று கேட்பதைப் போல, "சாப்பிட்டியளோ?" என்றார்.

"ஓம்."

"பிள்ளை உங்களோடையோ?"

சித்தி என்னைப் பிள்ளை என்றுதான் கூப்பிடுவார். என்னைத்தான் தேடுகிறார், விளையாட்டை முடிக்கப் பார்க்கிறார் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு மறுபடியும் "ஓம்" என்றேன்.

கீழிருந்து ஒரு மூச்சு மேலே வந்தது. அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியவில்லை. அந்த ஒலி நிற்காமல் ஏறி ஏறி வந்தது. விளையாட்டில்லை என்று அப்போதுதான் உறைத்தது. எழுந்து ஓடினேன். சுழல்படியின் நடுவில், பக்கத்துக் கல்லுக்குள்ளிருந்து ஒரு "ஓம்" கேட்டது. ஆழமான, ஆறுதலான ஆண்குரல். சத்தியமாக நான் வாய் திறக்கவில்லை.

கீழே சித்தி சுவரில் நெற்றியை வைத்து நின்றார். என்னைக் கண்டதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வா, அம்மா குளிருக்குள்ளை இருக்கிறா" என்று என் கையைப் பிடித்தார். அவருடைய கை சுடச்சுட இருந்தது. நெற்றியில் பொட்டு கரைந்துபோயிருந்தது.

அன்று பின்னேரம் குசினியில் சித்தி அம்மாவுக்குச் சொன்னதைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன்.

"அக்கா, அந்தியேட்டியைச் செய்வம்."

அம்மாவின் கையிலிருந்த கரண்டி விழுந்தது.

"நான் கேட்டனான், அவர் சொன்னவர். கடைசியா, அப்ப நான் உயிரோடை இருக்கட்டோ எண்டு கேட்டன். அதுக்கும் ஓம் எண்டவர்."

அப்படியொரு கேள்வி என் காதில் விழவேயில்லை. நான் பதில் சொன்னது மூன்றுக்கு மட்டும்.

ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் அடி விழும் என்ற பயம் பாதி. படியில் கேட்ட குரல் என்னைத் தேடி வீட்டுக்கு வந்துவிடும் என்ற பயம் மீதி. பல நாட்கள் போர்வையால் தலையை மூடிக்கொண்டு படுத்தேன். பக்கத்துக் கட்டிலில், வந்த நாளிலிருந்து நித்திரை இல்லாமல் புரண்டுகொண்டிருந்த சித்தி, குறட்டை விட்டுத் தூங்கினார்.

சடங்கு நடந்தது. அப்பா தமிழ்க் கடைகள் இருக்கும் ரூ காய் வீதிக்குப் போய்ச் சாமான்கள் வாங்கி வந்தார். மாலை போட்ட சித்தப்பாவின் படத்துக்குப் பின்னால் சித்தி இன்னொரு சிறிய படத்தைக் கவிழ்த்து வைத்தார். அது யாருடையதென்று நான் கேட்கவில்லை. பேய்க்குப் பயந்தவளுக்குப் படங்களில் என்ன அக்கறை. அடுத்த மாதமே சித்தி ஒரு மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். இரண்டு வருடத்தில் நகருக்கு வெளியே கார்ஜ் என்ற ஊரில் தனியாக வீடெடுத்துக்கொண்டு போனார். நான் செய்த குறும்பால் அவருக்கு நல்லதுதான் நடந்தது என்று மெல்ல மெல்ல என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பதினெட்டு வயதில், அவருடைய பிரஜாவுரிமை விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கப் போனேன். பிரெஞ்சில் இருந்ததை ஒவ்வொன்றாகத் தமிழில் வாசித்தேன். பெயர், பிறந்த இடம், கணவர். அவர் தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டே பதில் சொன்னார்.

"பிள்ளையள் எத்தினை எண்டு கேட்டிருக்கு, சித்தி. இல்லை எண்டு போடுறன்."

"ஒண்டு" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"ஆம்பிளைப் பிள்ளை. பஸ்ஸிலை ஏத்தேக்கை நாலு வயசு. தேப்பன்தான் தூக்கி வைச்சிருந்தவர். என்னை மற்ற வரிசையிலை விட்டுட்டினம்."

பேனை என் கையிலேயே இருந்தது. அடுத்த கட்டத்தில், பிள்ளை இப்போது யாருடன் வசிக்கிறது என்று கேட்டிருந்தார்கள். தாளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். சித்தியே தாளை எட்டிப் பார்த்து, என்ன கேட்டிருக்கு என்றார். சொன்னேன்.

"தேப்பனோடை எண்டு எழுது" என்றார், கொஞ்சமும் யோசிக்காமல்.